விறாந்தையில் நின்ற பிள்ளை



இந்த மாதம் துப்பாக்கி ஏந்திய ஒரு ரக்கூனைப் பற்றியும், நடந்து திரியும் ஒரு மரத்தைப் பற்றியும் எழுதப் போகிறேன். ‘இவளுக்கு என்ன நடந்தது?’ என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கடைசி வரை வாசித்துவிட்டு ஏசுங்கள்.

என் அக்கா 2017 ஆம் ஆண்டு சிறுநீரக நோயால் காலமானார். மகனுக்கு அப்போது எட்டு வயது. தகப்பனார் வெளிநாட்டில் வேலை செய்வதால் அன்றிலிருந்து அவன் அம்மம்மாவுடனும் என்னுடனும்தான் வளர்கிறான். இப்போது உயர்தரம் படிக்கிறான். அதிகம் கதைக்க மாட்டான். பாடசாலை, ரியூஷன், அதை விட்டால் அறைக்குள் கணினி. “உன்ர பெறாமகன் எந்த நேரமும் வெடிச்சத்தத்துக்குள்ள இருக்கிறான். நீ ஊர்ப் பிள்ளையளுக்கு எல்லாம் புத்தி சொல்லுறாய்” என்று அம்மா அடிக்கடி குத்திக்காட்டுவார்.

பிறர் வீட்டுப் பிரச்சினைகளைக் கோப்பில் எழுதிக்கொண்டு திரிபவளுக்கு இது உறுத்தத்தானே செய்யும்? சென்ற விடுமுறையில் ஒரு நாள் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். கண்காணிக்கும் நோக்கம்தான், மறைப்பானேன்?

அவன் விளையாடிக்கொண்டிருந்தது ‘கார்டியன்ஸ் ஒஃப் த கெலக்ஸி’. விண்மீன் மண்டலத்தின் காவலர்கள் என்று தமிழில் சொல்லலாம். பெயரைக் கேட்டால் பெரிய வீரர் படை போலத் தோன்றும். ஆளைப் பார்த்தால் அப்படியில்லை. ஐந்து பேரும் எங்கேயும் ஒட்டாதவர்கள். பீட்டர் குவில் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்திலிருந்து சிறுவயதிலேயே விண்கலத்தில் கடத்தப்பட்டுத் திருடனாக வளர்ந்தவன். கமோரா பச்சை நிறப் பெண். அவளுடைய மக்களில் பாதிப் பேரைக் கொன்ற தானோஸ் என்பவனே அவளை மகளாக வளர்த்துக் கொலைத்தொழில் பழக்கியவன். டிராக்ஸ் மனைவியையும் மகளையும் பறிகொடுத்த முரடன். ரொக்கெட் ஆய்வுகூடத்தில் அறுத்துத் தைக்கப்பட்ட ஒரு ரக்கூன். ரக்கூன் என்பது வட அமெரிக்காவில் வாழும், நம்மூர் மரநாய் அளவான ஒரு பிராணி. கண்களைச் சுற்றி முகமூடி கட்டியது போலக் கறுப்பாக இருக்கும். மிச்சமிருக்கும் குரூட்தான் அந்த மரம். தன் பெயரைத் தவிர அதற்கு வேறு பேச்சு வராது. நான் இவர்களுக்குக் கோப்புத் திறப்பதென்றால் ஒவ்வொன்றும் தலையணைத் தடிப்பில் வரும்.

மார்வல் கொமிக்ஸ் புத்தகங்களில் இந்தப் பெயர் முதலில் வந்தது 1969 இல். அப்போது அங்கத்தவர்கள் வேறு. இந்த ஐந்து பேரையும் ஒன்றாகச் சேர்த்த குழு 2008 இல் டான் அப்னெட், அன்டி லானிங் என்ற இருவர் எழுதிய தொடரிலிருந்து வருகிறது. 2014 இல் ஜேம்ஸ் கன் இயக்கத்தில் படமாக வந்து 77 கோடி டொலருக்கு மேல் வசூலித்தது. அதற்கு முன் கொமிக்ஸ் வாசிக்காதவர்களில் எத்தனை பேர் இவர்களை அறிந்திருப்பார்கள்? அந்தப் படத்தின் திரைக்கதையில் நிக்கோல் பேர்ள்மன் என்ற பெண்ணின் பெயரும் இருக்கிறது. மார்வல் நிறுவனத்தின் எழுத்தாளர் திட்டத்தில் இருந்தபோது, யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத இந்தக் கூட்டத்தைத் தெரிவு செய்து எழுதத் தொடங்கியவர் அவர்தான். மார்வல் ஸ்ரூடியோஸ் படமொன்றில் திரைக்கதையாசிரியராகப் பெயர் பொறிக்கப்பட்ட முதல் பெண்ணும் அவரே. இதை எங்கள் பக்கத்தில் சொல்லாமல் எங்கே சொல்வது?

பெறாமகன் விளையாடியது கனடாவின் ஐடொஸ் மொன்ட்ரியல் நிறுவனம் உருவாக்கி, 2021 ஒக்டோபரில் வெளிவந்தது. அதன் கதைப் பகுதிக்குத் தலைமை தாங்கியவரும் ஒரு பெண், மேரி டிமார்ல். அந்த ஆண்டின் ‘கேம் அவார்ட்ஸ்’ விழாவில் சிறந்த கதையமைப்புக்கான விருது இதற்குத்தான் கிடைத்தது. நான் பார்த்த அரைமணி நேரத்தில் சண்டையை விட வாய்ச்சண்டையே அதிகம். ஐவரும் ஓயாமல் ஒருவரை ஒருவர் குறை சொல்கிறார்கள். விளையாடுபவர் பீட்டரை மட்டுமே இயக்கலாம். மற்றவர்களிடம் சொல்லத்தான் முடியும். சண்டை முற்றும்போது எல்லோரையும் வட்டமாகக் கூப்பிட்டு, அவர்கள் பயந்திருக்கிறார்களா, மிதப்பில் இருக்கிறார்களா என்று காது கொடுத்துக் கேட்டு அதற்கேற்பப் பதில் சொல்லவேண்டும். பதில் பொருந்தினால் எல்லோருக்கும் பலம் ஏறும். பொருந்தாவிட்டால் பீட்டருக்கு மட்டும்தான். எங்களுக்கு இதைப் பயிற்சிப் பட்டறை வைத்துச் சொல்லித் தந்தார்கள். இவன் விளையாடிப் பழகுகிறான்.

அப்புறம்தான் அந்தக் கட்டம் வந்தது. றேக்கர் என்ற ஒருவன் நடத்தும் குழுவொன்று ஊர் ஊராக மக்களைப் பிடிக்கிறது. பிடிக்கும் வழி ஆயுதம் அல்ல. செத்துப்போன உங்கள் ஆள் உயிரோடு இருக்கிற ஒரு கனவுக்குள் உங்களை இருத்திவிடுவார்கள். ‘வாக்குறுதி’ என்று அதற்குப் பெயர். நீங்கள் அதை ஏற்றுக்கொண்டு கிடக்கக் கிடக்க, உங்கள் துக்கம் அவர்களுக்குச் சக்தியாகிறது. முரடன் டிராக்ஸும் அதில் விழுந்துவிடுகிறான். பீட்டர் அவனுடைய மனதுக்குள்ளேயே போகிறான். அங்கே டிராக்ஸ் மனைவியோடும் மகளோடும் நிம்மதியாக இருக்கிறான். அவனை அங்கிருந்து வெளியே கூட்டிவரவேண்டும்.

பெறாமகன் அந்த இடத்தில் நிற்பாட்டினான்.

“சின்னம்மா, இந்தாள் அங்கயே இருக்கட்டுமே. ஏன் இழுத்துக்கொண்டு வரவேணும்?”

“அது உண்மையில்லைத்தானே” என்றேன்.

“அவருக்கு உண்மைதானே?”

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்திருக்கிறேன். உளவளத்துணைப் பயிற்சி மூன்று முடித்திருக்கிறேன். எனக்குப் பதில் வரவில்லை. “படங்களும் இருக்குத்தானே, அதைப் பாப்பமா?” என்று கேட்டேன். நழுவுவதற்கு அது ஒரு வழியாக இருந்தது.

அன்றிரவு 2014 இல் வந்த முதற்படத்தைப் போட்டோம். விளையாட்டில் பீட்டரின் தாய் இறக்கும் விதம் வேறு. படத்தில் அது வைத்தியசாலை. 1988 ஆம் ஆண்டு. எட்டு ஒன்பது வயதுப் பையன் விறாந்தையில் வோக்மேனில் பாட்டுக் கேட்டுக்கொண்டு தனியே இருக்கிறான். தாத்தா வந்து உள்ளே கூட்டிப் போகிறார். புற்றுநோயால் தலைமுடியெல்லாம் கொட்டிப்போன தாய் ஒரு பரிசுப் பொதியைக் கொடுத்துவிட்டு, கையைப் பிடிக்கும்படி கையை நீட்டுகிறாள். பையன் பயத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அதற்குள் அவள் உயிர் போய்விடுகிறது. அவன் கத்துகிறான். தாத்தா அவனை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து விறாந்தையில் விட்டு, இங்கேயே இரு என்று கெஞ்சிவிட்டு உள்ளே ஓடுகிறார். பையன் இருக்கவில்லை. வெளியே இருட்டுக்குள் ஓடுகிறான். அங்கேதான் விண்கலம் வந்து அவனைத் தூக்கிப் போகிறது.

நான் எழுந்து தேநீர் போடப் போனேன். தேநீர் குடிக்கும் நேரமா அது?

சகோதரிகளே, 2017 இல் அக்காவின் கடைசி நாளன்று அந்த வார்ட்டு வாசலில் நின்று “பிள்ளையை உள்ள விடவேண்டாம்” என்று சொன்னது நான். பெரியவர்கள் யோசித்துக்கொண்டுதான் நின்றார்கள். ஒரு தாதி, ஐந்து நிமிடம் விடலாம் என்றுகூடச் சொன்னார். அவனுடைய மனம் பாதிக்கப்படும், குழாய்களையும் மெசினையும் பார்த்தால் இரவில் பயப்படுவான் என்று நான்தான் அடித்துச் சொன்னேன். படித்தவள் சொல்கிறாள் என்று எல்லோரும் கேட்டார்கள். அவன் விறாந்தை வாங்கிலில் இருந்தான். அவனுக்குப் பார்க்கக் கிடைத்தது வீட்டுக்கு வந்த பெட்டியைத்தான்.

அந்தக் காட்சியை எல்லோரும் பையனின் பக்கமிருந்து பார்ப்பார்கள். நான் தாத்தாவின் பக்கத்தில் நின்றேன். அந்த மனிதரில் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. மகள் சாகிற நேரத்தில் பேரனை எங்கேயாவது பத்திரமாக வைத்துவிட்டு வரலாம் என்று நினைத்தார், அவ்வளவுதான்.

படத்தின் முடிவில், தாங்கமுடியாத சக்தியுள்ள ஒரு கல்லைப் பிடித்துப் பீட்டர் துடிக்கும்போது கமோரா கையை நீட்டுகிறாள். அவன் கண்ணுக்கு அது தாயின் கையாகத் தெரிகிறது. இந்தத் தடவை பிடித்துக்கொள்கிறான். மற்றவர்களும் வந்து கைகோர்க்க, ஒருவரைக் கொன்றுவிடக்கூடிய சக்தி எல்லோருக்குமாகப் பிரிகிறது. அத்தனை வருடமும் திறக்காமல் வைத்திருந்த தாயின் பொதியை அதற்குப் பிறகுதான் அவிழ்க்கிறான். உள்ளே இருப்பது இன்னொரு பாட்டுக் கெசட்.

2017 இல் வந்த இரண்டாம் படத்தில் பகிடிகளும் நிறங்களும் கொஞ்சம் மிதமிஞ்சிப் போய்விட்டதாக எனக்குப் பட்டது. ஆனால் அதில் ஒரு அக்கா தங்கை சண்டை இருக்கிறது. கமோராவுக்கு நெபியூலா என்றொரு வளர்ப்புத் தங்கை. இருவரையும் தானோஸ் திரும்பத் திரும்ப மோதவிடுவான். ஒவ்வொரு தடவையும் வெல்வது கமோரா. தோற்ற ஒவ்வொரு தடவையும் நெபியூலாவின் உடலில் ஒரு பாகத்தைக் கழற்றி இயந்திரம் பூட்டுவான், அக்காவுக்குச் சமமாக்கவாம். கண், மூளை, கை என்று போய்விட்டது. ஒரு நாள் நெபியூலா அக்காவைக் கொல்ல வருகிறாள். அடிபட்டுக் களைத்தபின் அவள் வாயிலிருந்து வருவது, தனக்கு வேண்டியிருந்தது ஒரு அக்கா மட்டும்தான், அக்காவோ வெல்லத்தான் பார்த்தாள் என்பது. கமோராவும் அப்போது ஒரு சிறுபிள்ளைதான், தோற்றால் தனக்கு என்ன நடக்குமோ என்ற பயத்தில் வென்றவள். சண்டை மூட்டியவன் அந்த இடத்திலேயே இல்லை.

எங்கள் வீட்டில் யாரும் கண்ணைக் கழற்றவில்லை. ஆனால் புலமைப்பரிசில் பரீட்சைப் புள்ளியை மேசையில் வைத்து “கொக்காவைப் பார்” என்று சொன்ன நாட்கள் இருந்தன. அக்காவுக்கு என் மேல் என்ன மனத்தாங்கல் இருந்ததென்று நான் கேட்டதில்லை. எனக்கு அவர் மேல் இருந்தது. அதைச் சொல்லவும் இல்லை.

இடையில் பெறாமகன் இன்னொரு பழைய விளையாட்டைப் பற்றிச் சொன்னான். டெல்டேல் நிறுவனம் 2017 இல் ஐந்து பாகங்களாக வெளியிட்டது. அதில் சண்டையை விடத் தெரிவுகளே முக்கியம். செத்தவரை எழுப்பக்கூடிய ஒரு பொருள் இந்தக் குழுவின் கையில் கிடைக்கிறது. அதைத் துரத்தி வருபவள் ஹாலா என்ற ஒரு தாய். மகனைப் பறிகொடுத்தவள். குழுவுக்குள்ளும் ஆளாளுக்கு எழுப்பவேண்டிய ஒருவர் இருக்கிறார். டிராக்ஸுக்கு மகள், ரொக்கெட்டுக்குப் பழைய தோழி லைலா. அந்தப் பொருளை அழிப்பதா, அதற்கு வலுவூட்டுவதா என்ற முடிவு விளையாடுபவரிடமே விடப்படுகிறது.

“நீ என்ன செய்தனி?” என்று கேட்டேன்.

“ரெண்டையும் செய்து பாத்தனான்” என்றான்.

மூன்றாவது படம் 2023 இல் வந்தது. அதற்குமுன் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2018 இல் வந்த அவெஞ்சர்ஸ் படத்தில் கமோராவை வளர்த்த தகப்பனே கொன்றுவிடுகிறான். அடுத்த ஆண்டுப் படத்தில் கடந்த காலத்திலிருந்து ஒரு கமோரா வந்து சேர்கிறாள். அதே முகம், அதே குரல். ஆனால் பீட்டரைத் தெரியாது. அவனை விரும்பியதும் நினைவில்லை, ஏனென்றால் அது அவளுக்கு நடக்கவே இல்லை. பீட்டர் அவளுக்குப் பின்னாலேயே போய், நீ இப்படி இருந்தாய், இப்படிச் சிரித்தாய் என்று சொல்லிக் களைத்துப் போகிறான். அவள் எரிச்சல்படுகிறாள். கடைசியில் அவள் தன்னை ஏற்றுக்கொண்ட வேறொரு கூட்டத்தோடு போய்விடுகிறாள், அவன் விடைகொடுக்கிறான். ஆள் திரும்பி வந்தும் இழப்பு இழப்பாகவே இருக்கிறது. கணவனை இழந்த பெண்களோடு வேலை செய்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், இதை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய கதைகளை நான் அதிகம் பார்த்ததில்லை. ஒரு சுப்பர் ஹீரோ படத்தில் எதிர்பார்க்கவும் இல்லை.

ஆனால் அந்தப் படத்தின் உயிர் ரொக்கெட்தான். குறையில்லாத உயிர்களைப் படைக்கப் போகிறேன் என்று ஒருவன் குட்டிப் பிராணிகளை அறுத்து இரும்பு பூட்டிக் கூட்டில் அடைத்து வைத்திருக்கிறான். ரொக்கெட்டுக்குப் பெயர் கிடையாது, 89பீ13 என்ற இலக்கம். அந்தக் கூட்டில் லைலா என்ற நீர்நாய், ஒரு வொல்ரஸ், ஒரு முயல், இவன். நான்கும் இருட்டில் படுத்தபடி தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொள்கின்றன. அதில் ரொக்கெட் மட்டுமே உயிர் தப்புகிறான். சிறுவயதுப் பிள்ளைகளுக்கு இந்தப் பகுதி கடுமையானது. 13 வயதுக்குக் குறைந்தவர்கள் என்றால் நீங்கள் முதலில் தனியே பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பெரியவளான நானே தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

நடுவில் ரொக்கெட் சாகக் கிடக்கும்போது லைலா வெளிச்சத்தில் தோன்றுகிறாள். அவன் அவளுடனேயே போகக் கேட்கிறான். அவள்தான், இன்னும் நேரமாகவில்லை என்று திருப்பி அனுப்புகிறாள். பெறாமகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். டிராக்ஸைப் பற்றி அவன் கேட்ட கேள்வி எனக்கு நினைவு வந்தது. இந்தக் கதையை எழுதியவர்கள் வேறு, விளையாட்டை எழுதியவர்கள் வேறு. ஆனாலும் எல்லாரும் அந்த ஒரு கேள்வியைத்தான் சுற்றி வந்திருக்கிறார்கள்.

டிராக்ஸ் படத்தில் எங்கே வந்து நிற்கிறான் தெரியுமா? அந்த ஆய்வுகூடத்திலிருந்து மீட்ட ஒரு கூட்டம் பிள்ளைகளுக்கு நடுவில். நெபியூலா, ஆம், அந்த இயந்திரத் தங்கைதான், நீ அழிப்பதற்குப் பிறந்தவனில்லை, அப்பாவாக இருக்கப் பிறந்தவன் என்று அவனிடம் சொல்கிறாள். அவளும் அந்தப் பிள்ளைகளுக்காக அங்கேயே தங்கிவிடுகிறாள். யாருடைய மகளும் உயிர்த்து வரவில்லை.

பிறகு பீட்டர். அத்தனை வருடமாகத் தாத்தாவிடம் திரும்பாதவன். குழுவிலுள்ள மான்டிஸ் என்ற பெண் அவனிடம் நியாயம் கேட்கிறாள். அந்த மனிதர் மகளைப் பறிகொடுத்த அன்றே பேரனையும் பறிகொடுத்தவர், நீ ஏன் அவரைப் போய்ப் பார்க்கவில்லை? கடைசியில் அவன் மிசூரிக்குப் போய்த் தாத்தாவின் கதவைத் தட்டுகிறான். கிழவர் அடையாளம் கண்டுகொள்கிறார். கட்டிப்பிடிக்கிறார். விறாந்தையில் விட்டுப்போன பிள்ளை, வளர்ந்த மனிதனாகத் திரும்பி வந்திருக்கிறான்.

நான் தொலைக்காட்சியை நிறுத்தவில்லை. தேநீர் போடவும் போகவில்லை. பெயர்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே சொன்னேன்: “அண்டைக்கு உன்னை உள்ள விடாதது நான்தான்.”

“தெரியும்” என்றான்.

“எப்பிடி?”

“நீங்கள் சொன்னது கேட்டது. வாசல்லதானே நிண்டனீங்கள்.”

எட்டு வயதிலிருந்து இவ்வளவு காலமும் அது அவனுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. நான்தான் அவன் மறந்திருப்பான் என்று நிம்மதியாக இருந்திருக்கிறேன். பிழை செய்துவிட்டேன் என்று சொன்னேன். அதற்கு அவன் ஒன்றும் சொல்லவில்லை. மன்னித்துவிட்டான் என்று நான் உங்களுக்கு எழுதமுடியாது.

இப்போது வேலையில் இப்படியான வீடுகளுக்குப் போனால், பிள்ளை உள்ளே வர விரும்புகிறதா என்று பிள்ளையிடமே கேட்கச் சொல்கிறேன். குழாய் இருக்கும், அம்மா கதைக்க மாட்டா, ஆனால் தொடலாம் என்று முதலே சொல்லிவிட்டு, தாதியிடம் அனுமதி கேட்டுக் கூட்டிப் போகச் சொல்கிறேன். வர விரும்பாத பிள்ளையை இழுப்பதும் இல்லை. அதை அக்காவின் மகனுக்குச் செய்யவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவன் கேட்டான்: “அம்மா என்னைத் தேடினவவா?”

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் நான் இத்தனை வருடமாக அக்காவின் பேச்சையே எடுக்காமல் இருந்தேன். “ஓம். பிள்ளை எங்க எண்டு கேட்டவ. வெளியில நிக்கிறான் எண்டு சொன்னனான். சாப்பிட்டவனோ எண்டு கேட்டவ.”

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“சாப்பிட்டான் எண்டு சொன்னனான்.”

அவன் யோசித்தான். “ஓம்” என்றான். “கன்டீன்ல சீனிப் பணிஸ் வாங்கித் தந்தனீங்கள்.”

எனக்கு அது நினைவிலேயே இல்லை. பணிஸ் வாங்கிக் கொடுத்தேனா? கொடுத்திருக்கிறேன். பாதியைச் சாப்பிட்டுவிட்டு மீதியை அம்மாவுக்கென்று சட்டைப் பைக்குள் வைத்ததாகச் சொன்னான். அம்மம்மா அந்தச் சட்டையைத் தோய்க்கும்போதுதான் கண்டெடுத்தாவாம்.

வெடிச்சத்தம் ஒன்றும் கேட்கவில்லையே என்று அம்மா அறை வாசலில் வந்து எட்டிப் பார்த்தார். அவரிடமும் கேட்டோம். அவருக்கு அது நன்றாக நினைவிருந்தது.